ஐந்து அங்குலப் பிழை: கொழும்பில் வாங்கும் எஞ்சினும் வடகிழக்குக் கரையில் நிற்கும் படகும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைப் புரட்டிப்போட்ட பின்னர், உதவிப் பட்டியல்கள் மறுபடியும் கைபேசிகளில் சுற்றத் தொடங்கின. அரிசி, பால்மா, பாய், கொப்பி என்று தொடங்கும் இந்தப் பட்டியல்கள் சில வாரங்களில் 'வாழ்வாதாரம்' என்ற அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். விவசாயக் குடும்பத்துக்கு நீர்ப்பம்பி, தையல் தெரிந்த பெண்ணுக்குத் தையல் மெஷின் என்ற வரிசையில், கரையோர ஊர் என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது எஞ்சின்தான். அரச ஆவணங்கள் அதனை 'வெளியிணைப்பு இயந்திரம்' என்று எழுதும். கரையில் அது வெறும் எஞ்சின்.

கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் உறவு ஒன்று காசு அனுப்பும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருக்கும் ஒருவர் கடை தேடிப் போய் எஞ்சினை வாங்குவார். அது லொறியில் முல்லைத்தீவுக்கோ, மன்னாருக்கோ, வடமராட்சிக்கோ போய்ச் சேரும். கையளிக்கும் படம் ஒன்று எடுக்கப்படும். நல்ல நோக்கத்துடன் நடக்கும் இந்தச் சங்கிலியில், பெரும்பாலும் யாருமே கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது: அந்தப் படகின் பின்பலகை எத்தனை அங்குல உயரம்?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதன் விலையை நான் ஒருமுறை கண்ணால் கண்டிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஓர் எஞ்சின் வாங்கிய கதை

சில வருடங்களுக்கு முன்னர், வெளிநாட்டில் இருக்கும் எங்கள் உறவினர் ஒருவர், முல்லைத்தீவுக் கரையோரத்தில் மீளக்குடியேறிய குடும்பம் ஒன்றுக்கு எஞ்சின் வாங்கிக் கொடுக்கும்படி காசு அனுப்பினார். வெள்ளவத்தையில் இருந்த நான் கடைக்குப் போனேன். கடைக்காரர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "எத்தனை குதிரைவலு?" இருபத்தைந்து என்றேன். உடனே கிடைக்கக்கூடியதாக இருந்ததைக் காட்டினார். விலை பேசினோம். காசைக் கட்டினேன். பெட்டியோடு லொறியில் ஏற்றி அனுப்பினேன். ஒரு நல்ல காரியம் முடிந்தது என்ற நிம்மதியோடு வீட்டுக்கு வந்தேன்.

ஐந்தாம் நாள் தொலைபேசி வந்தது. "அண்ணை, எஞ்சின் நல்ல எஞ்சின்தான். குறை சொல்லுறன் எண்டு நினைக்காதேங்கோ. எங்கட படகுக்குக் கால் எட்டேல்லை. கொஞ்சம் அலை வந்தாலும் விசிறி வெளியில வந்து சும்மா அலறுது."

நான் வாங்கி அனுப்பியது 'ஷோர்ட் ஷாப்ட்' எஞ்சின். அந்தப் படகுக்குத் தேவைப்பட்டது 'லோங் ஷாப்ட்'. குதிரைவலு ஒன்றுதான், நிறம் ஒன்றுதான், பெட்டி ஒன்றுதான். வித்தியாசம் ஐந்து அங்குலம். கடைக்குத் திரும்பப் போனேன். பொருத்தி ஓட்டிய எஞ்சினைத் திருப்பி எடுக்க முடியாது என்றார்கள். நான் பிழையான சாமானைக் கேட்டு வாங்கியதாகவும் சொன்னார்கள். உண்மையில் நான் எதையும் கேட்கவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

கடைசியில் அந்தக் குடும்பம் படகின் பின்பலகையை வெட்டிப் பதித்தது. எஞ்சின் தண்ணீரைத் தொட்டது. ஆனால் கடல் படகுக்குள் வருவதற்கும் அதே வெட்டு வழிவிட்டது. கரைக்குத் திரும்பும்போது பின்னாலிருந்து வந்த ஓர் அலை படகை நிரப்பியது. உயிர்கள் தப்பின. எஞ்சின் உப்புத்தண்ணீர் குடித்து, பிறகு பாதி விலைக்கும் குறைவாகப் போனது.

ஷாப்ட் நீளம் எதைக் குறிக்கிறது?

எஞ்சினின் தலைப்பகுதி படகின் பின்பலகைக்கு மேலே நிற்கும். அங்கிருந்து நிலைக்குத்தாகக் கீழே இறங்கும் தண்டு, நுனியில் உள்ள விசிறியைச் சுழற்றும். விசிறிக்குச் சற்று மேலே கிடையாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தகட்டைப் பலர் பார்த்திருப்பார்கள். மேலே இருக்கும் காற்றை விசிறி உறிஞ்சாமல் தடுப்பதே அந்தத் தகட்டின் வேலை. எஞ்சின் பின்பலகையில் உட்காரும் இடத்திலிருந்து இந்தத் தகடு வரையான தூரத்தைத்தான் ஷாப்ட் நீளம் என்கிறோம்.

உலகம் முழுவதும் இது பொதுவாக மூன்று அளவுகளில் வருகிறது. ஷோர்ட் என்றால் ஏறத்தாழ 15 அங்குலம், லோங் என்றால் 20, எக்ஸ்ட்ரா லோங் என்றால் 25. சென்ரிமீற்றரில் சொன்னால் 38, 51, 63. பல தயாரிப்புகளில் மாதிரி எண்ணின் கடைசிப் பகுதியில் வரும் எஸ், எல், எக்ஸ் என்ற எழுத்துகள் இதைத்தான் சொல்கின்றன. அந்த ஓர் எழுத்தைப் படிக்கத் தெரியாததால்தான் எனக்குப் பல இலட்சம் ரூபாப் பாடம் கிடைத்தது.

படகு தண்ணீரில் நிற்கும்போது இந்தத் தகடு படகின் அடிமட்டத்துக்கு நேராக, அல்லது ஓர் அங்குலம் அளவு கீழே இருக்க வேண்டும். விதி இவ்வளவுதான். இதிலிருந்து ஐந்து அங்குலம் மேலே போனால் ஒரு வகை ஆபத்து. ஐந்து அங்குலம் கீழே போனால் இன்னொரு வகைச் சேதம்.

இரண்டு கரைகள், இரண்டு விதமான சேதம்

முதலில் கட்டையான தண்டை எடுத்துக்கொள்வோம். முல்லைத்தீவு போன்ற திறந்த கடற்கரையில் படகு மணலிலிருந்து இறங்கி, அலை உடையும் இடத்தைத் தாண்டித்தான் வெளிக்கடலுக்குப் போக வேண்டும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் அந்த இடம் எப்படிக் கொந்தளிக்கும் என்பதை அங்கு வாழ்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. படகின் அணியம் அலையில் இறங்கி, பின்பக்கம் தூக்கப்படும் அந்தக் கணத்தில் விசிறி காற்றைப் பிடித்துவிடும். எஞ்சின் அலறும், படகு நகராது. உந்துதல் இல்லாத படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பும். அடுத்த அலை அதைக் கவிழ்க்கப் போதுமானது. இரண்டு, மூன்று செக்கன்கள்தான். அந்த நேரத்தில் எஞ்சின் இருப்பதும் இல்லாததும் ஒன்று.

இன்னொரு சேதம் மெதுவாக நடக்கும். எஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீர் தண்டின் கீழ்ப்பகுதியில் உள்ள துவாரங்கள் வழியாகவே உள்ளே போகிறது. அந்தத் துவாரங்கள் அடிக்கடி காற்றை உறிஞ்சினால், தண்ணீர்ப் பம்பியின் உள்ளே இருக்கும் இறப்பர்ச் சக்கரம் காய்ந்து கருகும். எஞ்சினின் பக்கத்தில் பீச்ச வேண்டிய தண்ணீர் மெலியும். கவனிக்காவிட்டால் எஞ்சின் சூடேறி இறுகிப்போகும். 'எஞ்சின் சரியில்லை, போலிச் சாமான்' என்று பலர் திட்டுவது இந்தக் கட்டத்தில்தான். எஞ்சினில் குற்றம் இல்லாமலும் இது நடக்கும்.

இப்போது நீளமான தண்டு. யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் பல இடங்களில் ஆள் நடந்துபோகும் ஆழம்தான். குருநகர், பாசையூர், அரியாலை, பூநகரிப் பக்கத்தில் சிறகு வலை, களங்கண்ணி கட்டுபவர்கள் தண்ணீருக்குள் நின்றே வேலை செய்வதைப் பார்க்கலாம். அங்கு தாழ்ந்த பின்பலகை உள்ள சிறு படகுக்கு லோங் ஷாப்ட் எஞ்சினைப் பூட்டினால், விசிறி சேற்றையும் சாதாழையையும் உழும். கல்லில் அடிபட்டால் விசிறியின் இதழ் உடையும். தண்ணீர்த் துவாரம் சேற்றால் அடையும். அடிக்கடி எஞ்சினைத் தூக்கிக்கொண்டு ஓட்ட வேண்டும், தூக்கி ஓட்டினால் தண்டின் கோணம் பிழைத்து அணியம் மேலே எழும்பும். ஆழமான கடலில் ஓடினாலும் தேவையில்லாமல் தண்ணீருக்குள் இழுபடும் அந்த ஐந்து அங்குல உலோகம் ஒரு நங்கூரம் போலப் படகைப் பின்னுக்குப் பிடிக்கும்.

ஆக, 'வடக்குக் கடற்றொழிலாளர்களுக்கு இருபது எஞ்சின்' என்று மொத்தமாக ஒரே மாதிரியை வாங்கினால், அதில் எந்த அளவைத் தெரிவு செய்தாலும் சிலருக்குப் பிழையாகவே போகும். வடக்கில் ஒரே கடல் இல்லை. மாதகலின் படகும் மண்டைதீவின் படகும் முள்ளிவாய்க்காலின் படகும் ஒன்றல்ல. 18 அடி, 23 அடி என்று படகின் நீளத்தைச் சொன்னாலும் பின்பலகையின் உயரம் கட்டியவரைப் பொறுத்து மாறும்.

மண்ணெண்ணெய்க் கணக்கு

உயிர் ஆபத்து எல்லா நாளும் வருவதில்லை. எரிபொருள் செலவு எல்லா நாளும் வரும்.

2022 ஓகஸ்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்று 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்களை நம்பியிருந்த சிறு கடற்றொழிலாளருக்கு அது தொழிலையே நிறுத்திய அடி. பின்னர் விலை இறங்கினாலும் பழைய 87 ரூபாவுக்கு அது திரும்பவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு லீற்றரும் வீட்டுக் கணக்கில் விழுகிறது.

பொருந்தாத தண்டுள்ள எஞ்சின், ஒரே தூரத்தை ஓடக் கூடுதலாக எரிக்கும். காற்றைப் பிடித்து வீணாகச் சுழன்றாலும் எரிபொருள் போகும், இழுபட்டு ஓடினாலும் போகும். ஒரு கணக்குக்காக, ஒரு நாளைக்கு மூன்று லீற்றர் மேலதிகம் என்று வைத்துக்கொள்வோம். லீற்றர் 200 ரூபா என்றால் 600 ரூபா. மாதத்தில் இருபது நாள் தொழில் என்றால் 12,000 ரூபா. ஒரு பிள்ளையின் தனியார் வகுப்புக் காசு, அல்லது நுண்கடன் நிறுவனத்துக்குக் கட்டும் தவணை. இலவசமாகக் கொடுக்கப்பட்ட எஞ்சின் இப்படித்தான் மாதாமாதம் தன் விலையை வசூலிக்கிறது. கொடுத்தவருக்கு அது தெரிய வருவதே இல்லை.

இதோடு எல்லை தாண்டி வரும் இந்திய இழுவைப் படகுகளின் பிரச்சினையையும் சேர்த்துப் பாருங்கள். இழுவை மடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்தது. ஆனாலும் இரவில் விரித்த வலையைக் காப்பாற்ற, விளக்குகளைக் கண்டவுடன் வலையைத் தூக்கிக்கொண்டு வேகமாக விலக வேண்டிய நிலை இன்னும் இருக்கிறது. அந்த நேரத்தில் எஞ்சின் இழுக்காவிட்டால் போவது எரிபொருள் மட்டுமல்ல, கடன்பட்டு வாங்கிய வலையும்தான்.

கிடைத்ததைப் பொருத்தப் பழகிய சமூகம்

இந்தப் பிழை ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது? கடைக்காரரின் அலட்சியம், வாங்குபவரின் அறியாமை என்று முடித்துவிடலாம். ஆனால் அதற்குப் பின்னால் எமது சமூகத்தின் வரலாறும் இருக்கிறது.

1990இல் போர் மீண்டும் தொடங்கிய பின்னர் வடக்குக்குப் போகும் பொருட்களுக்கு நீண்ட தடைப்பட்டியல் இருந்தது. எரிபொருள், மின்கலம், சீமெந்து எல்லாம் அதில் அடக்கம். மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவில் வானொலி கேட்டோம். இல்லாததற்குப் பதில் இருப்பதைப் பூட்டினோம், அது ஓடியது. அந்த வல்லமை எங்களை உயிரோடு வைத்திருந்தது என்பதில் சந்தேகமில்லை. 'கிடைத்ததைப் பொருத்து' என்பது அன்று ஒரு வாழ்க்கை முறை.

கடற்றொழிலில் இதன் தடம் இன்னும் ஆழமானது. போர்க்காலத்தில் வடகிழக்குக் கடலில் எஞ்சின் ஒரு சந்தேகப் பொருளாக இருந்தது. எத்தனை குதிரைவலு வைத்திருக்கலாம் என்பதற்கே கட்டுப்பாடு இருந்தது. எந்த நேரத்தில் கடலுக்குப் போகலாம், எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கும் கட்டுப்பாடு. 2002 பெப்ரவரியில் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையில் மீன்பிடித் தடைகளைப் படிப்படியாகத் தளர்த்துவது ஒரு தனிப் பிரிவாகவே எழுதப்பட வேண்டியிருந்தது. ஓர் எஞ்சினைப் பற்றி அதிகாரத்தில் இருந்தவர்கள் கேட்ட கேள்வி எப்போதும் குதிரைவலுவாகவே இருந்தது. நாமும் எஞ்சினைக் குதிரைவலுவால் மட்டும் அளக்கப் பழகிவிட்டோம் என்றே நினைக்கிறேன். இன்றும் கடையில் முதல் கேள்வி அதுவே, பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் அதுவே.

பிறகு 2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலையில் இலங்கையின் மீன்பிடிக் கலங்களில் சுமார் நான்கில் மூன்று பங்கு அழிந்தன அல்லது சேதமடைந்தன என்று அன்றைய மதிப்பீடுகள் கூறின. உலகம் முழுவதிலுமிருந்து படகுகளுக்குக் காசு வந்தது. அவசர அவசரமாகப் படகுகள் கட்டப்பட்டன. சில கரைகளில் தேவைக்கு மேல் சிறு படகுகள் குவிந்தன. கடலுக்கு ஏற்காத தரத்தில் கட்டப்பட்ட படகுகள் கரையில் கிடந்து வெடித்தன. எத்தனை படகு கொடுத்தோம் என்பதுதான் அறிக்கையில் வந்தது. கொடுத்த படகு தொழிலுக்குப் போகிறதா என்பது வரவில்லை.

2009இல் முல்லைத்தீவுக் கரை முழுவதும் எரிந்தது. முள்ளிவாய்க்காலில் விட்டுவந்த படகும் வலையும் எஞ்சினும் எவருக்கும் திரும்பக் கிடைக்கவில்லை. மயிலிட்டித் துறைமுகம் 1990இலிருந்து 27 வருடங்கள் இராணுவத்தின் பிடியில் இருந்து, 2017 ஜூலையில்தான் விடுவிக்கப்பட்டது. ஒரு காலத்தில் நாட்டின் மீன்பிடியில் முன்னணியில் நின்ற துறைமுகத்துக்குத் திரும்பியவர்கள், இரண்டாம் தலைமுறையாக வெறுங்கையோடு தொடங்கினார்கள். இப்படி மூன்று தடவை எல்லாவற்றையும் இழந்த ஒருவரிடம் புது எஞ்சின் ஒன்றைக் கொடுத்தால், 'இது எனக்குப் பொருந்தாது' என்று அவர் சொல்வாரா?

சொல்ல மாட்டார். குறை சொன்னால் அடுத்த பட்டியலில் பெயர் இருக்காது என்ற பயம் இருக்கிறது. கணவனை இழந்து, படகை வேறொருவருக்குப் பங்குக்குக் கொடுத்துக் குடும்பம் நடத்தும் பெண்களுக்கு அந்தப் பயம் இன்னும் அதிகம். அவர்கள் எஞ்சினைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வைப்பார்கள், படத்துக்கு நிற்பார்கள். பிறகு பின்பலகையை வெட்டுவார்கள்.

கொழும்பு என்ற இடைவழி

வடகிழக்குக்கு வேண்டிய எல்லாமே கொழும்பு வழியாகப் போக வேண்டும் என்பது போர் எங்களுக்குத் தந்த இன்னொரு பழக்கம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகள் கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் வைத்தியத்துக்கும் வந்தவர்களால் நிறைந்திருந்த காலம் ஒன்று இருந்தது. 2007 ஜூன் 7 அதிகாலையில் அந்த விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பேருந்துகளில் ஏற்றி வவுனியாவுக்கும் வேறு இடங்களுக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர்நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நிறுத்தப்பட்டது. அப்படிப்பட்ட நாட்களிலும் வடக்கில் இருந்த உறவுகளுக்கு ஒரு மருந்தோ ஒரு மெஷின் உதிரிப்பாகமோ தேவை என்றால், கொழும்பில் இருந்த ஒருவர்தான் ஓடித் திரிந்து வாங்கி அனுப்பினார். அந்தப் பொறுப்புணர்வு இன்றும் இருக்கிறது. அது நல்லதே.

ஆனால் பொருளை வாங்குபவர், பொருளைப் பாவிப்பவரின் கரையைக் காணாதவராக இருக்கிறார். ஒரு காலத்தில் இப்படி இருக்கவில்லை. 1960களின் பிற்பகுதியில் நோர்வே உதவியோடு யாழ்ப்பாணத்தில் தொடங்கப்பட்ட சீநோர், காரைநகரில் படகுகளைக் கட்டியது. படகைக் கட்டியவரும் அதை ஓட்டியவரும் ஒரே கரையில் நின்றார்கள். பலகை உயரம் பிழைத்தால் மறுநாளே வந்து சண்டை பிடிக்கலாம். போர் அந்தத் தொடர்பை அறுத்தது. இன்று எஞ்சினைத் தெரிவு செய்பவர் வெள்ளவத்தை மாடிவீட்டில், காசு கொடுத்தவர் ரொறன்ரோவில், படகு வட்டுவாகலில்.

மற்ற நாடுகளில் எஞ்சின் கரைக்கு ஏற்ப மாறியிருக்கிறது. தாய்லாந்தின் ஆழமற்ற கரைகளில் நீண்ட வால் போன்ற தண்டைக் கையால் தூக்கி இறக்கும் எஞ்சின்கள் வழக்கத்துக்கு வந்தன. தமிழ்நாட்டுக் கரையிலும் வள்ளங்களில் அவ்வகை எஞ்சின்களைக் காணலாம். எங்கள் கரையில் மட்டும் எஞ்சினுக்காகப் படகை வெட்டுகிறோம்.

ஒட்டுவேலைகள் எவ்வளவு தூரம் தாங்கும்?

பிழையான எஞ்சின் வந்துவிட்டால் கரையில் இரண்டு வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. தண்டு கட்டை என்றால் பின்பலகையை வெட்டிப் பதிப்பது. தண்டு நீளம் என்றால் பின்பலகைக்கு மேல் மரக்கட்டை வைத்து எஞ்சினை உயர்த்துவது.

முதலாவதை ஒருபோதும் செய்யக்கூடாது. பின்பலகையின் உயரம் பின்னலையைத் தடுக்கும் சுவர். அதோடு, கண்ணாடியிழைப் படகுகள் பலவற்றில் பின்பலகையின் உள்ளே மரமே இருக்கிறது. வெட்டிய இடத்தைச் சரியாக மூடாவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கி, வெளியே தெரியாமலேயே அந்த மரம் உக்கும். ஒருநாள் எஞ்சினோடு சேர்ந்து பலகை கழன்று போகும்.

இரண்டாவது வழியைக் கவனமாகச் செய்தால் ஓரளவு தாங்கும். கட்டையைப் பின்பலகையோடு துருப்பிடிக்காத ஆணி ஊடாகப் போட்டு இறுக்க வேண்டும்; எஞ்சினின் பிடியை மட்டும் நம்பக் கூடாது; படகோடு எஞ்சினைச் சங்கிலியால் பிணைத்திருக்க வேண்டும். தண்டையே மாற்றுவது என்றால் உள்ளே சுழலும் தண்டு, கியர்க் கம்பி, தண்ணீர்க் குழாய் எல்லாம் சேர்த்து மாற்ற வேண்டும். எல்லா மாதிரிகளுக்கும் அந்தப் பாகங்கள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் மலிவில்லை. வாங்கும் முன் கேட்கும் ஒரு கேள்வி இந்த எல்லாவற்றையும் விட மலிவு.

என்ன செய்யலாம்?

முதலாவது, காசு அனுப்புபவர்களும் கொழும்பில் வாங்கிக் கொடுப்பவர்களும் செய்யக்கூடியது. தொழிலாளியிடம் படகின் பின்பலகையை அளக்கச் சொல்லுங்கள். எஞ்சின் பூட்டும் இடத்தில் பலகையின் மேல் விளிம்பிலிருந்து நடுக்கோடு வழியே படகின் அடிமட்டம் வரை எத்தனை அங்குலம் என்று கேளுங்கள். அளவுநாடா வைத்த நிலையில் கைபேசியில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 15 முதல் 17 அங்குலம் வரை என்றால் பொதுவாக ஷோர்ட், 20 முதல் 22 வரை என்றால் லோங், 25க்கு மேல் என்றால் எக்ஸ்ட்ரா லோங். இடைப்பட்ட அளவு வந்தால் ஊரில் உள்ள எஞ்சின் மெக்கானிக்கைக் கேட்காமல் வாங்க வேண்டாம். கூடவே, எந்தக் கடலில் தொழில், படகு எவ்வளவு பாரம் ஏற்றும், எந்த எரிபொருள் அங்கு கிடைக்கிறது என்றும் கேளுங்கள். முடிந்தால் எஞ்சினையே வாங்கி அனுப்பாமல், தொழிலாளியைக் கடைக்கு அழைத்துப் போய் அவரையே தெரிவு செய்ய விடுங்கள். வவுனியாவிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஒரு நாள் பேருந்துச் செலவு, எஞ்சின் விலையில் ஒரு பொருட்டே இல்லை. கொட்டாஞ்சேனையில் இருப்பவருக்கு முகத்துவாரம் மீன்பிடித் துறைமுகம் பக்கத்தில்தான். ஒரு காலை அங்கு போய் எஞ்சின் எப்படிப் பூட்டியிருக்கிறது என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

இரண்டாவது, பற்றுச்சீட்டு. குதிரைவலுவோடு முழு மாதிரி எண்ணும் ஷாப்ட் நீளமும் அதில் எழுதப்பட வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை. 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். கேட்டது ஒன்று, தந்தது ஒன்று என்று நிரூபிக்கக் கையில் எழுத்து இருக்க வேண்டும். என் கையில் அது இருக்கவில்லை.

மூன்றாவது, ஊர்க் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள். அங்கத்தவர் ஒவ்வொருவரின் படகுக்கும் பின்பலகை உயரம், படகின் நீளம், இப்போதைய எஞ்சின் என்று ஒரு பதிவேடு வைத்தால் அது ஒரு கொப்பிதான். ஆனால் அடுத்த உதவி வரும்போது, 'எங்களுக்கு எஞ்சின் வேண்டும்' என்பதற்குப் பதிலாக 'எட்டு லோங், பதினொரு ஷோர்ட் வேண்டும்' என்று சங்கம் சொல்ல முடியும். அப்படிச் சொல்லும் சங்கத்தை எந்த நிறுவனமும் இலகுவாகத் தட்டிக்கழிக்க முடியாது.

நான்காவது, அரசு. கடற்றொழில் அமைச்சும் திணைக்களமும் மானியத்தில் எஞ்சின் வழங்கும் ஒவ்வொரு திட்டத்திலும், பயனாளியின் படகை அளந்த பின்னரே கொள்வனவு என்று ஒரு நிபந்தனை வைக்கலாம். படகுப் பதிவெண் படகு எந்த வகை, எந்த மாவட்டம் என்று சொல்கிறது. பின்பலகை உயரத்தையும் பதிவுப் படிவத்தில் நிரந்தரமாகச் சேர்த்தால், மொத்தக் கொள்வனவுகளில் இந்தப் பிழைக்கு இடமே இருக்காது. இன்றைய கடற்றொழில் அமைச்சர் இராமலிங்கம் சந்திரசேகர் தமிழர். இந்தக் கோரிக்கையை மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே அவர் முன் வைக்கலாம்.

அளந்து கேட்பது நன்றியீனம் அல்ல

போர் முடிந்த பின்னரும் எமது மக்கள் உதவியைப் பெறுவோர் பட்டியலிலேயே நீண்டகாலம் நிற்கிறார்கள். அந்தப் பட்டியலில் நிற்பவரிடம் அளவு கேட்கும் வழக்கம் இல்லை. பள்ளிச் சப்பாத்து அளவு பார்க்காமல் வருகிறது, வீட்டுத்திட்டம் குடும்பத்தின் அளவு பார்க்காமல் வருகிறது, எஞ்சின் படகைப் பார்க்காமல் வருகிறது. தடைக்காலத்தில் கிடைத்ததைப் பொருத்தியது எமது கெட்டித்தனம். இன்று கடைகளில் மூன்று அளவிலும் எஞ்சின் விற்பனைக்கு இருக்கும்போது, பிழையானதைக் கொடுத்துவிட்டு 'எப்படியாவது சமாளியுங்கள்' என்று ஒரு தொழிலாளியிடம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

அன்று தொலைபேசியில் அந்தத் தம்பி பேச்சைத் தொடங்கியதே, 'குறை சொல்லுறன் எண்டு நினைக்காதேங்கோ' என்ற மன்னிப்போடுதான். பிழை விட்டது நான். மன்னிப்புக் கேட்டது அவர். அடுத்த எஞ்சினை வாங்கும்போது முதலில் அவரைக் கூப்பிட்டு, "தம்பி, பலகையை அளந்து சொல்லும்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "இருபத்தொண்டு அங்குலம் அண்ணை. முந்தியும் அதுதான்."